ஏஜென்ட்டுக்கு எந்தச் சாவி?

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனிக்கு டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்தோம். அவசரத்தில், எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் படிக்கவும் மாற்றவும் உரிமையுள்ள அப்ளிகேஷன் கணக்கையே அதற்கும் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் பேக்கிங்கிலிருந்து ஒருவர் "அந்த ஆர்டர் போயாச்சு இல்ல?" என்று கேட்க, அது தலையாட்டியதோடு நிற்காமல் நிலையையும் 'அனுப்பப்பட்டது' என்று மாற்றிவிட்டது. சரக்கோ இன்னும் அயர்னிங் மேசையில்!

"எதையும் மாற்றாதே" என்று ப்ராம்ப்டில், அதாவது ஏஜென்ட்டுக்கான அறிவுரையில், எழுதிப் பார்த்தேன். அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. அப்புறம் ஏஜென்ட்டுக்கென்று தனி ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) உருவாக்கி, ஆர்டர், கட்டிங், டெலிவரி மூன்றுக்கும் வியூ (டேபிளில் தேவையானதை மட்டும் காட்டும் ஜன்னல்) போட்டு, செலக்ட், அதாவது படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தேன். சம்பளம், விலை, போன் நம்பர் எதுவும் வியூவில் இல்லை. ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 5 விநாடி; அதற்கு மேல் ஓடும் கேள்வி நிறுத்தப்படும்.

அதிலும் ஓர் ஓட்டை. யூனிட்வாரியாகப் பிரிக்க, யாருக்கு எந்த வரி தெரியலாம் என்று கட்டுப்படுத்தும் ரோ லெவல் செக்யூரிட்டி வைத்திருந்தும், எல்லா யூனிட்டின் ஆர்டரும் தெரிந்தது. அரை நாள் மண்டையை உடைத்தபின்தான் புரிந்தது: வியூ அதை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும்; இங்கே டேபிள் உரிமையாளரும் அதே கணக்குதான், உரிமையாளருக்கு அந்தத் தடை வழக்கமாகப் பொருந்தாது. கேட்பவரின் உரிமையிலேயே வியூவை ஓடவைக்கும், போஸ்ட்கிரெஸ் 15-இல் வந்த செக்யூரிட்டி இன்வோக்கரை வியூவில் போட்டு, மூல டேபிளில் தேவையான காலம்களுக்கு மட்டும் செலக்ட் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

மாற்றம் வேண்டுமென்றால் இப்போது அது கோரிக்கை டேபிளில் ஒரு வரி சேர்க்கும். சூப்பர்வைசர் அக்கா ஓகே சொன்னால்தான் நடக்கும்.