குமரிக் கடற்கரையில் கேரவன் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு

கேரவன் என்றாலே ஷூட்டிங் வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வேனை. கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரை கடற்கரை எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஓட்டம் குறைவு. எந்த ஊரைப் பார்ப்பது என்பதைவிட, ராத்திரி வண்டியை எங்கே போடுவது என்று யோசிப்பதுதான் இங்கே முக்கியம்.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) ஏறிவிட்டால் கடலோரத்தில் வண்டிக்கு வெளியே அடுப்பே பற்றாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததை இந்தக் கரை மறக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு பயம்: கள்ளக்கடல். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. எங்கோ தெற்கே தூரத்தில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. எந்த மாதம் போனாலும் கடல் அலை எச்சரிக்கை தரும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை பாருங்கள்.

படி 2: வழி

கடலோரச் சாலையிலேயே போகலாம் என்று ஆசை வரும். ஊருக்குள் வீட்டுத் திண்ணையும் சாலையும் ஒட்டிக்கிடக்கும்; பெரிய வண்டி திரும்பாது. நாகர்கோவிலிலிருந்து ராஜாக்கமங்கலம், தக்கலையிலிருந்து குளச்சல், மார்த்தாண்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் என்று உள்சாலையிலிருந்து கரைக்கு இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே ஏறுங்கள்.

படி 3: ராத்திரி நிறுத்தம்

முதலில் அனுமதி. கரையோரம் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவ ஊர்கள். கோயில் மைதானம்தான் (இங்கே தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள்) ஊரிலேயே சமதளமான இடம். பங்குத்தந்தையிடமோ, அவர் இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர்களிடமோ கேளுங்கள். கேட்காமல் நிறுத்தினால் பத்து மணிக்கு நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். அது நியாயம்தானே?

மணலில் இறக்கவே வேண்டாம். அங்கே வள்ளம் ஏற்றி வைப்பார்கள், வலை காயும்; விடியுமுன்னே தொழிலுக்குக் கிளம்புவார்கள். "மக்கா, வண்டிய மேல ஏத்திப் போடு" என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் ஏற்றிவிடுங்கள். கடல் எதுவரை வரும் என்று அவருக்குத் தெரியும்.

தப்பித்தவறி டயர் புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் இறங்கும். டயருக்கு முன்னால் இருக்கும் மணலை வாரி அகற்றிவிட்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கி, காய்ந்த தென்னை மட்டையை அடியில் கொடுத்து மெதுவாக எடுங்கள். அதே தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். தேங்காய் விழுந்தால் கண்ணாடி போச்சு.

காற்றையும் கவனியுங்கள். பகலில் கடலிலிருந்து வீசும், ராத்திரி பெரும்பாலும் நிலத்திலிருந்து. அதனால் படுக்கைப் பக்க ஜன்னல் நிலத்தைப் பார்த்து இருக்கட்டும். கொசுவலை கட்டாயம்.

படி 4: சாப்பாடு

முட்டத்திலோ குளச்சலிலோ ஏலம் முடிந்தபின் சாளை, நெத்திலி என்று சின்ன மீனாக வாங்குங்கள். மீனை வண்டிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். உள்ளே பொரித்தால் மெத்தை வரைக்கும் அந்த வாடை ஏறிவிடும். காலைக்குக் கடையில் புட்டு, பயறு, பப்படம். கூடவே மட்டிப்பழம் ஒரு சீப்பு: விரல் நீளம்தான், தோல் மெல்லிசு, பிசைந்தால் புட்டோடு தேன்போல் சேரும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: இடையில் பார்க்க

கிளம்பும் முன் கன்னியாகுமரிக்கு வடகிழக்கே வட்டக்கோட்டை, பிறகு வழியில் மணக்குடிக் காயல் (உப்பங்கழி), முட்டம் கலங்கரை விளக்கம், 1741இல் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்ற குளச்சல். மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் தாது கலந்த கறுப்பு மணல். உச்சிவெயிலில் செருப்பைக் கழற்றாதீர்கள்.

படி 6: உப்பும் கழிவும்

தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் சக்கரம், அடிப்பாகம், கதவுக் கீல் கழுவுங்கள். உப்புக்காற்று இரும்பை விடாது. கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். காயலிலோ ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயிலோ திறந்துவிட்டால், அடுத்து வருகிற கேரவனுக்கு அந்த ஊரில் இடம் கிடைக்காது.