வராத அப்டேட்டுக்குக் காத்திருக்கும் பின்பால்காரர்கள் செய்யும் தவறுகள்

பின்பால் என்பது சாய்வான மேசையில் உருளும் பந்தை ஃபிளிப்பர் எனும் துடுப்புகளால் அடித்து ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு. அமெரிக்காவில் ஒரு புதிய பின்பால் மேசை இன்று சுமார் 7,000 டாலரில் தொடங்கி 12,000 டாலரைத் தாண்டிப் போகிறது. இவ்வளவு விலை கொடுத்தும் மேசை அரைகுறை மென்பொருளோடு வந்து இறங்குவது இந்தத் துறையில் சகஜம். ஸ்டெர்ன் போன்ற பெரிய நிறுவனமும் அப்படித்தான் அனுப்புகிறது, ஆனால் அங்கே மிச்சத்தை எழுதி முடிக்க ஆட்கள் உண்டு. சிறு நிறுவனத்தில் ஒரு மேசைக்கு மென்பொருள் எழுதுபவர் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவரை அடுத்த மேசைக்கு மாற்றினாலே பழைய மேசைக்கு அப்டேட் வருவது நின்றுவிடும்.

அதனால் வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. மென்பொருளின் பதிப்பு எண் 1.0-ஐ எட்டாமல் 0.80 என்றிருந்தால், விஸார்ட் மோட் எனும் ஆட்டத்தின் உச்சகட்டம் எழுதப்பட்டுவிட்டதா, எந்தெந்த மோட்கள் (ஆட்டத்தின் தனித்தனிக் கட்டங்கள்) வெறும் பெயராக நிற்கின்றன என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்று இருக்கும் பதிப்பை விளையாடிப் பார்த்து, இதற்கு மேல் ஒரு வரிகூட வராவிட்டாலும் இந்த விலை தகுமா என்று கணக்குப் போடுங்கள். 'கேக்டஸ் கேன்யன்' மேசைக்கு நடந்ததைப் பாருங்கள். 1998-ல் வில்லியம்ஸ் நிறுவனம் பாலி என்ற பெயரில் அதை வெளியிட்டது. ஆட்களெல்லாம் 'பின்பால் 2000' என்ற புதுவகை மேசைத் திட்டத்துக்குப் போக, ஆட்ட விதிகளை மென்பொருளில் எழுதி முடிக்காமலேயே சுமார் 900 மேசைகள் வெளியேறின. 1999 அக்டோபரில் பின்பால் பிரிவையே மூடிவிட்டார்கள். விட்டுப்போன விதிகளைப் பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆர்வலர், மேசையைக் கணினியால் இயக்க உதவும் பி-ராக் போர்டை வைத்துத் தனியாக எழுத வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. பிரிட்டனின் ஹெய்வே பின்பால் 2018-ல் மூடியபோது, 'ஏலியன்' மேசை வாங்கியவர்களுக்கு, அதைச் செய்த நிறுவனமே இல்லாமல் போனது.

அடுத்த தவறுதான் அதிகம் நடக்கிறது: கோளாறு எதுவானாலும் மென்பொருள் தலையில் கட்டுவது. பந்து இழந்த பிறகு இரண்டு பந்துகள் சேர்ந்து வெளியே வருகின்றனவா? மல்டிபால் (பல பந்துகள் ஒரே நேரத்தில் ஆடும் கட்டம்) முடிந்தும் மேசைக்கு அது தெரியவில்லையா? எல்லாப் பந்துகளும் உள்ளே இருக்க, 'பந்தைத் தேடுகிறேன்' என்று பந்தைத் தள்ளும் மின்காயில்களை மாறி மாறி அடிக்கிறதா? பெரும்பாலும் இவை ட்ரஃப் பகுதியின் வேலை. பந்துகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில் அகச்சிவப்பு ஒளியை அனுப்ப ஒரு சிறு போர்டும் வாங்க ஒரு போர்டும் எதிரெதிரே இருக்கும். தூசி படிந்தாலோ, பந்தின் இடியில் சால்டரிங் விரிசல் விட்டாலோ எண்ணிக்கை தப்பும். சுவிட்ச் டெஸ்டுக்குப் போய்ப் பந்துகளை முழுவதும் வெளியே எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, திரையில் அந்தந்த சுவிட்ச் மட்டும் மாறுகிறதா என்று பாருங்கள். ஒளி அனுப்பும் எல்இடி எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவில் ஊதாப் புள்ளியாகத் தெரியும் (பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் பாருங்கள்). பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டில் காந்தம் உள்ள மேசையென்றால் பந்துகளே காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதற்கு மருந்து புதுப் பந்துகள்தான். இவ்வளவும் பார்க்காமல் நிறுவனத்தைத் திட்டி எழுதும் கடிதங்களால்தான் உண்மையான பிழை பற்றிய கடிதமும் அடியில் போய்விடுகிறது.

அப்டேட் ஏற்றும்போது நடக்கும் தவறுகள் சின்னவை, விளைவு பெரியது. செட்டிங், ஆடிட் (மேசை வைத்திருக்கும் ஆட்டக் கணக்கு), அதிக ஸ்கோர் பக்கங்களை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முழு நிறுவல் என்றால் அவை அழிந்துபோகலாம். பல மேசைகள் பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால்தான் படிக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்டவை பல நேரம் கடையிலிருந்தே எக்ஸ்ஃபேட்டாக வரும், ஆகவே 8 அல்லது 16 ஜிபியே நல்லது. ஐஎஸ்ஓ கோப்பை (முழு டிஸ்கின் நகல்) பென்டிரைவில் அப்படியே காப்பி செய்தால் மேசை பூட் ஆகாது. அதற்கான கருவியால் 'எழுத' வேண்டும். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணை நிறுவனம் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்டேட் முடிந்து மறுபடி பூட் ஆகும்போது பிளேஃபீல்டின் அடியில் காயில், விளக்கு, சுவிட்சுகளைக் கவனிக்கும் நோட் போர்டுகளுக்கும் புது ஃபர்ம்வேர் ஏறக்கூடும். அப்போது திரை சில நிமிடம் அசையாமல் நிற்கும். மேசை ஹேங் ஆகிவிட்டது என்று ஸ்விட்சை அணைத்தால் போர்டு கெட்டுப்போகலாம்.

புதிய பதிப்பு வந்ததும் பழைய கோப்பை நீக்குகிறவர்களுக்கு என்ன சொல்வது! நிறுவனத்தின் இணையதளம் நின்றால் அந்தக் கோப்பும் அதோடு போகும். ஒவ்வொரு பதிப்பையும் இரண்டு இடங்களில் வையுங்கள். அதோடு, மேசையை அணைத்துவிட்டு அதன் எஸ்டி கார்டையோ எஸ்எஸ்டியையோ முழு இமேஜாக எடுத்து வையுங்கள். 16 ஜிபி என்று போட்ட இரண்டு கார்டுகளின் உண்மையான அளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது, எனவே மாற்றுக் கார்டு 32 ஜிபியாக இருக்கட்டும். எழுதிய கார்டைப் போட்டு ஒருமுறை பூட் செய்து பார்த்தால்தான் அது காப்பு. ஜெர்சி ஜாக் நிறுவனத்தின் மேசைகளில் மென்பொருளுக்குச் சாவி போன்ற யூஎஸ்பி டாங்கிள் ஒன்றும் இருக்கும். அது இல்லாமல் காப்பு எடுத்த டிஸ்க் இருந்தும் பயனில்லை.

நிறுவனத்துக்கு எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. "கேம் ஹேங் ஆகிறது" என்ற வரியை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது. பதிப்பு எண், சீரியல் எண், எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனையாவது பந்து, எந்த மோடுக்குள் எந்த மல்டிபால் தொடங்கியது, கடைசியாகப் பட்ட ஷாட் எது, பத்து முறையில் எத்தனை முறை வருகிறது: இவ்வளவும் வேண்டும். ஒரு மெயிலுக்கு ஒரு பிழை. லாக் கோப்பு எடுக்கும் வசதி இருந்தால் அதையும், இல்லாவிட்டால் அரை நிமிட வீடியோவையும் இணையுங்கள். வாங்கியது டீலரிடம் என்றால் அவருக்கும் நகல் போகட்டும். அவர் அடுத்த மேசைக்கு ஆர்டர் கொடுப்பவர் என்பதால் அவருக்குப் பதில் சீக்கிரம் வரும்.

மூன்று மாதம் அப்டேட் வராததைப் பார்த்து நிறுவனம் முடிந்தது என்று பயந்து அடிமாட்டு விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். மென்பொருள் மௌனத்தைவிட உதிரிபாகப் பட்டியலைக் கவனியுங்கள். நோட் போர்டும் பவர் சப்ளையும் தொடர்ந்து 'இருப்பில் இல்லை' என்று நின்றால்தான் கவலைப்பட வேண்டும். ஃபிளிப்பர் காயில், ரப்பர், பந்து, ஃபியூஸ் எல்லாம் பின்பால் உதிரிபாகம் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த மேசைக்கென்றே செய்த போர்டு, பிளாஸ்டிக் பாகம், ரேம்ப் அப்படி இல்லை. நிறுவனம் திறந்திருக்கும்போதே ஆளுக்கொரு நோட் போர்டும் ஒரு பிளாஸ்டிக் செட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.