சந்தை ஆடும்போது எஸ்ஐபியை நிறுத்தாமல் இருக்க நான் செய்துகொண்ட ஏற்பாடு

2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி (50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் குறியீடு) கிட்டத்தட்ட 13 சதவீதம் விழுந்தது. அன்று முழுக்க ஃபோனும் கையுமாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து எஸ்ஐபியை, அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு தொகை போடுவதை, நிறுத்திவிட்டேன். நவம்பர் 24-ல் நிஃப்டி முதல்முறையாக 13,000-க்கு மேல் முடிந்தபோதும் நான் திரும்பச் சேர்ந்திருக்கவில்லை. விலை மலிவாக இருந்த மாதங்கள் எல்லாம் போய்விட்டன. அதற்கப்புறம் செய்துகொண்ட ஏற்பாடுதான் இது. கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்து எஸ்ஐபி தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எதை வாங்குவது

இண்டெக்ஸில் (நிஃப்டி போன்ற குறியீட்டில்) போடுவதென்றால் ஈடிஎஃப் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வேண்டாம், இண்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டே போதும். ஈடிஎஃப் விலை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை ஆடிக்கொண்டே இருக்கும், பார்க்கத் தோன்றும். மியூச்சுவல் ஃபண்டுக்கு நாளுக்கு ஒரே என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை). நடுப்பகலில் எட்டிப் பார்த்து ஆகப்போவது எதுவும் இல்லை.

படி 2: எஸ்ஐபி தேதி

சம்பளம் வந்த இரண்டாம், மூன்றாம் நாள். அவ்வளவுதான்.

படி 3: ஃபோன்

முதலீட்டு ஆப்பை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். விளம்பரம், செய்தி, விலை எச்சரிக்கை மூன்றையும் அணைத்துவிடுங்கள். 'டிப்ஸ்' தரும் டெலிகிராம் குழுக்களிலிருந்து இன்றே வெளியே வாருங்கள். எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் ஊக வணிகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.

படி 4: நோட்டு

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதலில் 'பயப்படக் கூடாது' என்று எழுதி வைத்திருந்தேன். அது வேலைக்கு ஆகவில்லை. பயம் சொல்லிக்கொண்டா வருகிறது? வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்தப் பணம் எதற்கு, எந்த வருடம் தேவை, என்ன நடந்தால் விற்பேன், இந்த மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதில் விலையைப் பற்றி எழுதாதீர்கள். 'மகள் கல்லூரிக்குப் போக இரண்டு வருடம் இருக்கும்போது' என்பது காரணம். 'பத்து சதவீதம் விழுந்தால்' என்பது காரணம் அல்ல.

அப்புறம், விற்கவோ நிறுத்தவோ தோன்றினால் தேதி போட்டு ஏன் என்று எழுதிவிட்டு ஏழு நாள் காத்திருங்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. 'விற்றுவிடலாம் போலிருக்கிறது, தேர்தல்' என்று எழுதி நோட்டை மூடினேன். 7-ஆம் தேதியே இழந்தது திரும்பிவிட்டது. எப்போதும் அப்படி ஆகாது. 2020-ல் மாதக்கணக்கில் ஆனது. ஏழு நாள் என்பது நம் மனசு அடங்கத்தான், சந்தை மீள்வதற்கு அல்ல.

எக்செல் வேண்டாம். அதைத் திறந்தால் பக்கத்திலேயே விலையையும் தேடத் தோன்றும். நாற்பது பக்க நோட்டு போதும்.

படி 5: பார்க்கும் நாள்

வருடத்துக்கு இரண்டு முறை. நான் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டும் பார்க்கிறேன். மின்னஞ்சலில் வரும் கணக்கு அறிக்கைகள் தனி ஃபோல்டருக்குப் போய்விடும்.

பின்சேர்க்கை

படி 3-ஐப் படித்துவிட்டு ஒரு வாசகர் எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட்டார். கணக்கில் பணம் இல்லாமல் எஸ்ஐபி திரும்பிப்போனதும் வங்கி அபராதம் பிடித்ததும் அவருக்குத் தெரியவில்லை. மாதாந்திர எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் ரத்தாகிவிடும். அதனால் வங்கி எஸ்எம்எஸ்ஸை மட்டும் அணைக்காதீர்கள்.

இன்னொருவருடைய அண்ணன் தினமும் வாட்ஸாப்பில் ஏதாவது ஒரு பங்கின் பெயரை அனுப்புகிறாராம், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அண்ணனிடம் சண்டை வேண்டாம். 'அக்டோபரில் கணக்குப் பார்க்கும்போது சேர்த்துப் பார்க்கிறேன் அண்ணா' என்று சொல்லி, அந்தப் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.