ஒரே மாடல் பேஸ், வேறு வேறு நெக்: வாங்கும் முன் அளந்து பார்ப்பது எப்படி?

கும்பகோணம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் பலர், மாற்றுக்கு என்று இன்னொன்றும் வைத்திருப்போம். நானும் என்னுடைய அதே மாடலை இரண்டாவதாக வாங்கினேன். கையில் எடுத்ததுமே இடது கை தடுமாறியது. காலிப்பரை (அகலமும் தடிமனும் அளக்கும் கருவி) வைத்த பிறகுதான் காரணம் தெரிந்தது: முதல் ஃப்ரெட்டில், அதாவது கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த முதல் உலோகக் கம்பியின் இடத்தில், புதிய நெக் பழையதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன்.

மாடல் பெயர் நெக்கின் அளவுக்கு உத்தரவாதம் அல்ல. ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு) அகலம் 1.75 அங்குலம், 1960இல் வந்த ஜாஸ் பேஸுக்கு 1.5 அங்குலம். பிறகு அதே நிறுவனம் நட் அகலத்தை எழுத்தால் குறித்து, நெக் உடலோடு சேரும் முனையில் முத்திரை குத்தியது: ஏ என்றால் 1.5, பி என்றால் 1.625, சி என்றால் 1.75. ஆக, பெயர் ஒன்றாக இருந்தும் அகலம் மாறலாம். இயந்திரம் வெட்டித் தந்த நெக்கையும் கடைசியில் உப்புத்தாள் போட்டு இழைப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறவர் மடியில் வைத்து வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. பெட்டியில் வரும் கிட்டாருக்கு மட்டும் அந்தச் சோதனையை நாம் ஏன் விட்டுவிடுகிறோம்?

வேண்டியவை: 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர், எஃகில் செய்தது. பிளாஸ்டிக் காலிப்பர் வேண்டவே வேண்டாம், அழுத்தினால் வளைந்துகொடுக்கும். பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) ஒன்று. ரேடியோ பழுதுபார்க்கிறவரிடம் கிடைக்கும் ஈயக்கம்பி ஒரு முழம். வரைபடத்தாள்.

முதலில் வளைவு. தந்திகள் சுருதியில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள்; 0.3 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் போதும். இரண்டு கிட்டாரிலும் இது ஒத்துவராவிட்டால் முதலில் ட்ரஸ் ராடை, அதாவது நெக்கின் உள்ளே ஓடும் உலோகக் கம்பியை, திருத்துங்கள். அது நெக்கின் வளைவை மட்டுமே மாற்றும், தடிமனை மாற்றாது.

அடுத்து அகலம். நட்டை அளக்காதீர்கள், நட்டை ஒட்டிய மரத்தை அளங்கள். நட்டை யாராவது மாற்றியிருக்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

இனி தடிமன். ஆளுக்கு ஆள் அளவு மாறுவது இங்கேதான். தந்திகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்குங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் தாடை அடியில் நுழையாது. தாடையை ஃப்ரெட் கம்பியின் மேல் வைத்தால் கம்பியின் உயரமும் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் ஃப்ரெட்டை ஒட்டி, நட் பக்கத்து மரத்தில் வையுங்கள். ஃப்ரெட் போர்டு, அதாவது ஃப்ரெட்டுகள் பதித்த முன்பக்கப் பலகை, தட்டையானது அல்ல, நடுவில் மேடு. 9.5 அங்குல ஆரம் கொண்ட போர்டில் ஓரம் நடுவைவிட ஏறக்குறைய 0.8 மி.மீ. தாழ்ந்திருக்கும். ஆகவே தாடை நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். காலிப்பர் சாய்ந்தால் அளவு கூடும். மெல்ல ஆட்டிப் பார்த்து, கிடைக்கிற மிகக் குறைந்த எண்ணை எழுதுங்கள். தாடையில் காகித டேப் ஒட்டிக்கொண்டால் வார்னிஷில் கீறல் விழாது; டேப்போடு சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகு அளக்க மறக்காதீர்கள்.

அகலமும் தடிமனும் ஒன்றாக இருந்தும் கை ஒப்புக்கொள்ளாத நெக்குகள் உண்டு. அப்போது பார்க்க வேண்டியது தோள்பட்டை, அதாவது பின்பக்க வளைவு ஓரத்தை நோக்கி இறங்கும் விதம். ஈயக்கம்பியை நெக்கின் பின்னால் அழுத்தி வளைத்து, விரிந்துவிடாமல் எடுத்து, வரைபடத்தாளில் பென்சிலால் சுற்றி வரையுங்கள். அடுத்த கிட்டாரின் கோட்டை அதன் மேலேயே வேறு நிறத்தில் வரையுங்கள். தோள் சதைப்பற்றாக இருக்கும் நெக் எங்கே வேறுபடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். இதற்கென்று விற்கும் ஊசிக் கருவியைவிட எனக்கு ஈயக்கம்பிதான் பிடிக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இரண்டு கிட்டாரையும் ஒரே நாளில் அளப்பது நல்லது. மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. குறுக்கே ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். சித்திரை வெயிலில் நெக்கின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் நெருடும். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் அந்த நெருடல் காணாமல் போகும்.

தடிமனான நெக்கை இழைத்துக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உள்ளே ட்ரஸ் ராட் ஓடுகிறது, இழைத்த மரம் திரும்பி வராது. மாற்றிக் கொடுக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை: அளவெல்லாம் பொருந்தியும் விரல் இடறுகிறது என்று திருவாரூரிலிருந்து ஒருவர் எழுதினார். நட்டில் முதல் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொன்னேன். பள்ளங்கள் நெருக்கமாக வெட்டப்பட்டிருந்தன. புது நட் போட்டதும் சரியாகிவிட்டதாம். ஆகவே அகலம் அளக்கும்போதே இந்தத் தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.