நித்தியத்துக்குச் சேர்த்துவைக்க முதலில் பீரோவைத் திறங்கள்

பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்க வேண்டும் என்ற பிரசங்கத்தைக் கேட்காத கிறிஸ்தவர் வேலூரில் இருக்க மாட்டார். ஆனால் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபின் அதை எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சபையில் யார் வீட்டிலாவது மரணம் நேர்ந்தால், அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின், இறந்தவரின் சாமான்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தக் கூப்பிடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்கு அமைந்த ஊழியம் அது. அந்த வீடுகளில் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வந்து திறக்கும்வரை காத்திருக்காமல் உங்கள் பீரோவை நீங்களே திறந்துவிடுங்கள். இதில் பாதி அதுதான்.

கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும் சமயம் இதற்கு நல்லது. நம்மூர் சித்திரை வெயிலில் இந்த வேலையை எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். மேல்தட்டு முதல் அடித்தட்டு வரை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்புங்கள். புடவைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஆரணிப் பட்டு ஒன்று இருந்தது. அந்த அம்மா அதைக் கட்டி யாரும் அதிகம் பார்த்ததில்லை. பழைய வேட்டியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, பூட்டி வைத்திருந்தார்கள். நான் ஒரு முனையையும் மகள் மறுமுனையையும் பிடித்துப் பிரித்தோம். மடிப்பு விழுந்த கோடு நெடுகத் துணி சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. முந்தானைச் சரிகை கறுத்துப் போயிருந்தது. மகள் அதை மடியில் போட்டுக்கொண்டு, “எனக்குக்கூடக் கட்டக் கொடுக்கலியே அக்கா” என்று அழுதாள். ‘பூச்சியும் துருவும் அவைகளைக் கெடுக்கும்’ என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது வீட்டில் நடக்கிற காரியம். அவர் பேசியது இந்தப் பீரோவைப் பற்றித்தான்.

பரப்பியதை மூன்றாகப் பிரியுங்கள். கட்டுவது ஒன்று, கொடுப்பது ஒன்று, நினைவுக்கு வைப்பது ஒன்று. நினைவுக்கு வைப்பது ஒரு பெட்டிக்கு மேல் போகக் கூடாது. கொடுப்பதை, நீங்களே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகத் தயங்காத புடவையாகப் பார்த்து எடுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, பொருத்தமான ரவிக்கைத் துணியோடு கொடுங்கள். கிழிசலைக் கொடுத்தால் குப்பையை இடம் மாற்றியதாக ஆகுமே தவிர தர்மம் ஆகாது.

பாத்திரங்களுக்கு வேலூரில் ஒரு வழி உண்டு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்காக வருகிற குடும்பங்கள் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி, நான்கு தட்டு, ஒரு போர்வை ஆகியவற்றை ஒரு பையில் கட்டி வையுங்கள். ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது வாங்கித் தேய்த்து அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள். பரணில் கிடக்கும் சீர்ப் பாத்திரம் இப்படி எத்தனை பேருக்குச் சோறு வடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பையைக் கொண்டுபோகும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ என்றவர் அந்த அறையில் இருக்கிறார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

இறந்தவரின் பொருளைக் கொடுக்க மனம் வரவில்லை என்பவர்கள் உண்டு. அது இயல்பு. அவர்களுக்கு நான் ஷெல் ஆஸ்பத்திரியின் கதையைச் சொல்வேன். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கிக்காரர் காலமான தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான 40 படுக்கை ஆஸ்பத்திரி எழும்பியது. ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரியாக நம் ஊருக்குப் பழகிய ஷெல் அதுதான். அந்த மேரி டேபரின் உடைகளும் நகைகளும் என்ன ஆயின என்று யாருக்காவது தெரியுமா? நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் நம் அம்மாவின் நினைவு நாளில் ஒரு பிள்ளையின் நர்சிங் ஃபீஸில் ஒரு பங்கைக் கட்ட முடியும்.

அடுத்தது பணம். சம்பளமோ பென்ஷனோ வந்த அன்றே, பால்காரருக்கும் தவணைக்கும் முன்னால், காணிக்கைக் கவரில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைத் தருவது என்று வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, நல்ல தொடக்கம். ஆனால் அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டு வீட்டில் சண்டை போடாதீர்கள். ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே’ என்றுதான் 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. கந்து வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பவர்கள் முதலில் அந்தக் கடனை அடையுங்கள், அதுவரை சிறிதாகக் கொடுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். ‘இவ்வளவு விதைத்தால் நூறு மடங்கு அறுப்பாய்’ என்று பணத்துக்குப் பணம் வாக்குக் கொடுக்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். லாபத்தை எண்ணிக் கொடுத்தால் மனம் இன்னும் பணத்தின்மேல்தான் இருக்கிறது.

கோயிலுக்கு மின்விசிறி கொடுத்தால் இறக்கையில் உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்குப் போகுமுன் எவ்வளவு கொடுப்பது என்று வீட்டிலேயே ஜெபித்து முடிவெடுங்கள். ஒரு கூறு முள்ளுக் கத்திரிக்காய் சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போவது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஊரே சிரித்துக்கொண்டு கொடுக்கிற நாள் அது. ஆனால் அடுத்த பெஞ்சுக்காரரை மிஞ்சுவதற்காகக் கேட்காதீர்கள். எடுத்த காயை அன்றைக்கே அடுப்பில் வைக்கக்கூடிய ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பழக்கப் பிடியரிசியைவிட எளிய வழி இல்லை. உலையில் போடுமுன் காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசி தனி டப்பாவில். பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

நகையைப் பற்றி நான் கடுமையாகப் பேச மாட்டேன். நம் பெண்களுக்கு நகைதான் ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. அதை அடகு வைத்து ஆபரேஷன் செய்து பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் செய்யுங்கள். எது எத்தனை சவரன், எது யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி, கொடுக்க நினைப்பதை உயிரோடிருக்கும்போதே உங்கள் கையால் போட்டுவிடுங்கள். ஒரு ஜோடி வளையலுக்காகப் பேச்சை நிறுத்திய அக்கா தங்கைகள் திருவிருந்துக்கு ஆளுக்கொரு பக்கமாக வருவதைப் பார்க்கிறபோது என் மனம் தாங்குவதில்லை.

கடைசியாக உயில். விசுவாசிக்கு உயில் எதற்கு என்பார்கள். ஒன்றும் கொண்டுபோவதில்லை என்று நிச்சயமாக நம்புகிறவர்தான் முதலில் எழுத வேண்டும். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. அதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ‘உனக்குத்தான் கல்யாணத்துக்குப் போட்டாச்சே’ என்று மகளின் வாயை அடைப்பது சட்டத்திலும் இல்லை, சுவிசேஷத்திலும் இல்லை.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரையோ அவருடைய கணவரையோ மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள், அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போய்விடும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

சபைக்கோ ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ ஒரு பங்கு எழுத நினைத்தால் தாராளமாக எழுதுங்கள். நெருங்கிய உறவு இருக்கும் கிறிஸ்தவர், இறப்பதற்குக் குறைந்தது 12 மாதம் முன்பே எழுதி, ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்து வைத்தால்தான் தர்மத்துக்கு எழுதியது செல்லும் என்று அந்தச் சட்டத்தின் 118-ம் பிரிவு முன்பு தடுத்தது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-ல் அதை ரத்து செய்தது. இன்னும் சில பெரியவர்கள் அந்தப் பழைய சட்டத்தை நினைத்துத் தயங்குகிறார்கள்.

எழுதி முடித்ததும் உயிலைப் பீரோவின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் எல்லாரையும், மருமக்களையும் சேர்த்து, உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். வெளியே போகிற பங்கு ஏன் போகிறது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். யாராவது முகம் சுளித்தால், அன்றைக்கே பேசித் தீர்க்க நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்.