பேரிடருக்குப் பின் ஓலையும் செம்மண்ணும்: ஊர்க் கலைப்பட்டறை நடத்தும் முறை

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கடற்கரை ஊர்களைச் சிதைத்தது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயல், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலரைக் கொண்டுபோனதோடு, உள்நாட்டில் ரப்பர் மரங்களையும் வாழைத் தோட்டங்களையும் சாய்த்தது. இத்தகைய இழப்பைக் கண்ட ஊரில், சுற்றியுள்ள ஓலை, மண், நார் ஆகியவற்றைக் கொண்டு மக்கள் கூடி அமர்ந்து கைவேலை செய்யும் பட்டறையை முதன்முறையாக நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும் சுய உதவிக் குழுவினருக்கும் இந்த விளக்கம் உதவும். பட்டறை மருத்துவம் அன்று. கைக்கு ஒரு வேலையைத் தந்து, பேசுவதையும் பேசாதிருப்பதையும் வருபவரிடமே விட்டுவிடுவதுதான் அதன் பணி.

முதல் படி: காலமும் இடமும்

குடிநீர், தங்குமிடம், நிவாரணத்துக்கான சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு மக்கள் அலைந்துகொண்டிருக்கும் வாரங்களில் பெரியவர்களைப் பட்டறைக்கு அழைக்கக் கூடாது. நிலைமை சற்று அடங்கிய பின், கடற்கரை ஊரானால் தேவாலயத்தின் பங்குப் பேரவையிடமும் அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குழுக்களின் பொறுப்பாளர்களிடமும், உள்நாட்டு ஊரானால் ஊர் நிர்வாகத்திடமும் பேசி, வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், ஒரே இடத்தில் என்று முடிவு செய்யுங்கள். நாளும் இடமும் மாறாதிருப்பது, எல்லாமே மாறிப்போன ஒருவருக்கு மிகவும் தேவையானது. ஆண்களும் வர வேண்டுமென்றால், மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையுள்ள ஜூன், ஜூலை மாதங்கள் ஏற்றவை. ஆனால் அது மழைக்காலம் என்பதால் கூரையுள்ள இடம் வேண்டும். கடல் கண்ணில் படாத கூடம் நல்லது. ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி: கற்றுத் தருபவர்

வெளியூரிலிருந்து ஓவியரை அழைத்து வருவதை நான் பரிந்துரைப்பதில்லை. கடகமும் ஓலைப்பெட்டியும் முடையத் தெரிந்த மூதாட்டி ஒருவர் பெரும்பாலும் அருகிலேயே இருப்பார். அவரை ஆசிரியராக அமர்த்தி, முறையாகக் கூலியும் கொடுங்கள். நீங்கள் அவருடைய மாணவராக உட்காருங்கள். நிவாரணம் வாங்கி வாங்கிக் கூசிப்போன ஊரில், ஒருவர் கொடுப்பவராக அமர்ந்திருப்பதே பெரிய மாற்றம்.

மூன்றாம் படி: பொருள் தயாரிப்பு

பனையின் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, வெயிலில் உலர்த்தி, ஒரு விரல் அகலக் கீற்றுகளாக வகிர்ந்துகொள்ளுங்கள். முடைவதற்கு முன் அவற்றை நீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை ஒடியாது. வண்ணத்துக்குக் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மேட்டுநிலச் செம்மண் போதும். மண்ணை நீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டால் பருமணலும் கல்லும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, வண்டல் படிந்ததும் தெளிந்த நீரை இறுத்து, வண்டலை உலர்த்திப் பொடியாக்க வேண்டும். முதல்நாள் இரவு நீரில் ஊறவைத்த வேப்பம்பிசினை இதனுடன் குழைத்தால் தாளிலும் பலகையிலும் ஒட்டும் வண்ணம் கிடைக்கும். சிரட்டைக் கரி கறுப்பைத் தரும். சங்குப்பூவை ஊறவைத்த நீலநீர் எலுமிச்சைச்சாறு பட்டதும் ஊதாவாகும், மஞ்சளோ சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கும். சிறுவர்களை முதல் நாளிலேயே ஈர்த்துவிட இந்த இரண்டும் போதும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் அழகாக இருந்தாலும் அதை அள்ளாதீர்கள். அதிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. சிறுவர்கள் கையளைந்து விளையாடும் பொருளாக அதை வைக்க வேண்டியதில்லை. பவளத் துண்டுகளும் சில சங்கு வகைகளும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: அமர்வு

முதல் வாரம் நெடுக்கே பாவுக்கு நான்கு கீற்றும் குறுக்கே ஊடுக்கு நான்கு கீற்றுமாக எடுத்து, ஒன்று மேல் ஒன்று கீழ் என முடைந்து சிறு சதுரம் செய்யட்டும். எளிது, அரை மணி நேரத்தில் முடியும், தவறினால் பிரித்து மீண்டும் முடையலாம். அடுத்தடுத்த வாரங்களில் பெட்டி, கிலுகிலுப்பை, செம்மண் ஓவியம் என்று போகலாம்.

"அன்று என்ன நடந்தது, வரைந்து காட்டுங்கள்" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. பேரிடரை அண்மையில் கண்டவர்களை அமர்த்தி நிகழ்ந்ததை விவரிக்கச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாமென்கிறது. யாரேனும் தாமாகப் பேசினால் கேளுங்கள், அறிவுரை வேண்டாம், "எல்லாம் நல்லதுக்கே" என்ற ஆறுதலும் வேண்டாம். ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போனால், அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் பின்னால் போய் அருகில் இருந்தால் போதும்.

இங்கே ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒக்கியில் கடலுக்குப் போனவர்களில் பலரின் உடல் கிடைக்கவேயில்லை. அப்படிப்பட்ட வீட்டாருக்கு அவர் இறந்தாரா, எங்காவது இருக்கிறாரா என்ற கேள்வி நெடுநாள் முடியாமலே இருக்கும். ஆகவே, நினைவுச் சின்னம் செய்வோம், பெயர் எழுதி விளக்கேற்றுவோம் என்று பட்டறையில் நாமாக முன்மொழிவது, அவர்கள் இன்னும் ஏற்காத ஒரு முடிவை அவர்கள்மேல் சுமத்துவதாகும். அந்த வேண்டுகோள் வீட்டாரிடமிருந்து வந்தால் மட்டுமே செய்யுங்கள்.

ஐந்தாம் படி: செய்த பொருள்

செய்தவரே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். போட்டி, பரிசு, சிறப்பு விருந்தினர், முகம் தெரியும் புகைப்படம் எதுவும் வேண்டாம். கண்காட்சி வைப்பது பெரும்பாலும் நடத்துபவரின் ஆசையே தவிர வருபவரின் தேவையன்று.

ஆறாம் படி: பட்டறைக்கு அப்பால்

வாரக்கணக்கில் உறங்காமல் இருப்பவர், உண்ணாதவர், குடியில் மூழ்கியவர், சாவைப் பற்றிப் பேசுபவர் ஆகியோருக்கு ஓலை முடைவது போதாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் கூடத்துச் சுவரில் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

டிசம்பர் 26, நவம்பர் 30 போன்ற நாட்கள் நெருங்கும்போது ஆறியிருந்த துயரம் மீண்டும் கிளம்புவதுண்டு. அந்த வாரங்களில் புதிய வேலை எதையும் தொடங்காமல், எல்லோருக்கும் கைவந்த முடைவேலையையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழிந்ததும், கத்தியும் வண்ணப்பொடியும் மீதி ஓலையும் கணக்கெழுதி ஊரின் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, அழைத்தால் மட்டும் போங்கள்.