பழைய ஜப்பானிய வாளில் உப்புத்தாளை வைக்காதீர்கள்

புதிதாக ஜப்பானிய வாள் சேகரிக்க ஆரம்பிக்கிறவர்கள் தாங்கள் வாங்கியதைப் படம் எடுத்து அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் பல நேரம் வயிறு எரிகிறது. நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். இரும்பை விரலால் தொடாதே, உருவும்போது கூர்ப்பக்கம் மேலே இருக்கட்டும் என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். காசும் போய் வாளும் போகிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து வாங்குவது

பிடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் வால் பகுதிக்கு நகாகோ என்று பெயர். கொல்லர் தன் பெயரைப் பொறிப்பது அதில்தான். புதியவர்கள் முதலில் அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள், படித்துவிட்டு மயங்கிவிடுகிறார்கள். போலிப் பெயர் பொறிப்பது ஜப்பானில் நூற்றாண்டுகளாக நடந்துவரும் தொழில். கொதெத்சு என்ற புகழ்பெற்ற கொல்லரின் பெயர் பொறித்த வாளைக் கண்டால் போலி என்றே வைத்துக்கொள் என்பது அங்கே பழைய பேச்சு. பெரும்புகழ் பெற்ற கொல்லர் மசமுனே தன் வாள்களில் பெயர் பொறித்ததே மிக அரிது, அப்படியிருக்க ஒரு நீள வாளில் அவர் பெயர் பளிச்சென்று இருந்தால் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் கூடி வாளை அடையாளம் காணப் பழகும் கூட்டங்களில் நகாகோவைத் துணியாலோ பிடியாலோ மூடித்தான் கையில் கொடுப்பார்கள். வளைவு, உருவம், மடித்து அடித்த இரும்பின் மேற்பரப்பில் தெரியும் இழை, கூர்விளிம்பை ஒட்டி ஓடும் ஹமோன் என்ற வெண்ணிறக் கோடு, இவற்றை மட்டும் வைத்து எந்தக் காலம், எந்தப் பகுதி, எந்தக் கொல்லர் என்று சொல்ல வேண்டும். பெயர் கடைசியில்தான். வாங்கும்போதும் அதே வரிசையில் பாருங்கள்.

பதிவுச் சீட்டைச் சான்றிதழ் என்று நம்புவது

ஜப்பானில் உள்ள ஒவ்வொரு வாளுக்கும் அந்தந்த மாகாணக் கல்வி வாரியம் தரும் பதிவுச் சீட்டு இருக்க வேண்டும். அதில் நீளம், வளைவு, பிடியைப் பூட்டும் ஆணிக்கான துளைகள் எத்தனை, என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். அந்தப் பெயர் உண்மையா என்பதைப் பற்றி அந்தச் சீட்டு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. வாளை வைத்திருக்க அனுமதி, அவ்வளவுதான். தரத்தைச் சொல்வது வேறு தாள். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று தரச் சான்றிதழ்களைப் படிப்படியாகத் தருகிறது. விற்பவர் "பேப்பர் இருக்கு" என்றால் எந்தப் பேப்பர் என்று கேளுங்கள்.

நகாகோவின் துரு

தொடாதீர்கள். வாளின் வயதுக்கு அதுதான் சாட்சி.

தானே மெருகேற்றுவது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தெரிந்த தம்பி ஒருவர் ஒரு வாகிசாஷி, அதாவது குட்டை வாள், வாங்கினார். முரோமாச்சி காலக் கடைசியில், பதினாறாம் நூற்றாண்டு வாக்கில், பிசென் பகுதியின் ஒசஃபுனேயில் அடித்தது, சுகெசதா என்று பெயர் பொறித்தது. அந்தப் பெயரில் அங்கே ஏராளமான வாள்கள் வந்தன, ஆகவே பெரிய பொக்கிஷம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உருவம் கெடாமல், கோடுகள் எல்லாம் நேராக, நல்ல வாளாக இருந்தது. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் துரு, அவ்வளவுதான். லேசாக எண்ணெய் தடவி வையுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன். அடுத்த முறை கொண்டுவந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம் மோட்டாரில் மாட்டிய துணிச் சக்கரத்தில் கொடுத்து, ஹமோன் தெரியவில்லையே என்று எலுமிச்சைச்சாறும் தடவியிருந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குப் பேச்சே வரவில்லை.

என்ன போயிற்று என்று சொல்கிறேன். வாளின் பக்கவாட்டில் முதுகுக்கும் கூருக்கும் நடுவே ஒரு மேட்டுக்கோடு ஓடும், ஷினோகி என்பார்கள். முனையைப் பிரிக்கும் குறுக்குக்கோடு யொகொதே. இரண்டும் கத்தியால் கீறியது போல இருக்க வேண்டும். துணிச் சக்கரம் விளிம்பு எது, சமதளம் எது என்று பார்க்காது, எல்லாவற்றையும் உருட்டிவிடும். அமிலம் மேற்பரப்பை அரித்து ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டும். ஹமோனில் பார்க்க வேண்டியதோ காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்த கணத்தில் உண்டான நுண்ணிய பளிங்குத் துகள்கள். அவை அந்த அரிப்புக்கு அடியில் மறைந்துபோகும்.

முறைப்படி கற்ற மெருகுக் கலைஞர், தொகிஷி, கரடான கல்லில் தொடங்கி மேலும் மேலும் மெல்லிய கல்லுக்குப் போவார். கடைசிக் கட்டத்தில் கல்லைச் சில்லாகச் செதுக்கி, பின்னால் காகிதம் ஒட்டி, கட்டைவிரலுக்கு அடியில் வைத்துத் தேய்ப்பார். இதைக் கற்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்டவர்கூட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பை எடுத்தே ஆக வேண்டும். பல வாள்களில் வெளியே கடினமான தோல் இரும்பும் உள்ளே மென்மையான கரு இரும்பும் இருக்கும். தோல் தேய்ந்து கரு வெளியே வந்துவிட்டால் அந்த இடம் மங்கலாக, சொரசொரவென்று தெரியும், அதை மறைக்க வழி கிடையாது. உருண்டுபோன ஷினோகியை மறுபடி நேராக்க வேண்டுமென்றால் முழுப் பக்கத்தையும் தாழ்த்த வேண்டும். பல தலைமுறை மெருகில் போக வேண்டிய இரும்பு ஒரே தடவையில் போய்விடும். அந்த வாகிசாஷியைப் பார்த்த தொகிஷி வேலையை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி.

இதற்கெல்லாம் காரணம் அவசரம். துருப்பிடித்த வாளை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் ஒரு கேடும் இல்லை, எண்ணெய் இருந்தால் போதும். முதலில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் மெருகிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லலாம், ஜன்னல் திறப்பது என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு முழு மெருகு தேவையா என்று முடிவெடுங்கள். சாதாரண வாளாக இருந்தால் மெருகுக் கூலி வாளின் விலையையே தாண்டும், அப்போது அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

உச்சிகோ பொடி

சினிமாவில் பார்த்துவிட்டு வாராவாரம் இந்தப் பொடி மூட்டையை வாள்மேல் தட்டுகிறார்கள். அது அரைத்த மெருகுக் கல், ஒவ்வொரு தட்டலும் தேய்மானம்.

ஹகிரேயைக் கவனிக்காமல் விடுவது

கூர்விளிம்பில் குறுக்கே முடியளவு விரிசல். நல்ல விளக்கொளியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

போர்க்கால வாளை ஜப்பானுக்கு அனுப்புவது

1945இல் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகளின் வாள்கள் உலகம் முழுக்கப் பரவின. ராணுவ உறைக்குள் சில சமயம் குடும்பத்தின் பழைய வாளே இருக்கும், ஆகவே உறையை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் அவசரமாகச் செய்தவை. நகாகோவில் 'ஷோவா' அல்லது 'செகி' முத்திரை இருந்தால் மரபு முறையில் அடித்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. நட்சத்திர முத்திரை இருந்தால் கதை வேறு, ராணுவம் அங்கீகரித்த கொல்லர்கள் தமஹகானே என்ற மரபு முறை எஃகில் அடித்தவை அவை.

மரபு முறையில் செய்யாத வாளுக்கு ஜப்பானில் பதிவு கிடைக்காது. மெருகுக்கு என்று அனுப்பிவைத்தால் வாள் திரும்பி வராமலே போகலாம். அனுப்புவதற்கு முன்பு முத்திரையையும் ஹமோனையும் படம் எடுத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய வாள்தான் என்று உறுதியானால்கூட, அங்கே இறங்கியதும் சுங்கத்திடமும் போலீஸிடமும் அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும், வெளியே கொண்டுவரும்போது கலாச்சார முகமையின் அனுமதி வாங்கிப் பதிவுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வேலைகளை உங்களுக்காகச் செய்துதர ஜப்பானிலேயே ஒரு ஆளைப் பிடித்துவிட்டு அப்புறம் வாளைப் பெட்டியில் வையுங்கள்.